மூச்சு விடவும் மீட்டர் ஓடுகிறது: மின்கட்டணச் சலுகைகளை வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மின்கட்டணச் சலுகைகளை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சுற்றி வளைக்காமல் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மருத்துவர் எழுதிக் கொடுத்து ஆக்சிஜன் மெஷின் போன்ற உயிர்காக்கும் கருவிகள் ஓடும் வீடுகளுக்கு, நீங்கள் பில்லில் கழித்துக் கொடுக்கும் யு-சேவ் தள்ளுபடியோடு தனியாக ஒரு தொகை சேர்த்துக் கொடுங்கள். எல்லாருக்கும் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. இந்த வீடுகளை மட்டும் தனியாகப் பாருங்கள் என்கிறேன்.

எண்ணெய் விலை ஏறினால் எங்கள் வீட்டு பில் ஏன் ஏறுகிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் மின்சாரத்தில் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது, அந்த எரிவாயுவை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம், அதன் விலை எண்ணெய் விலையோடு கட்டப்பட்டிருக்கிறது, எங்கேயோ சண்டை மூண்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் கட்டணத்தில் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. உக்ரேன் போர் தொடங்கிய 2022-இல் பார்த்தோமே, ஆண்டுத் தொடக்கத்தில் வரிக்கு முன் 25.44 காசாக இருந்த யூனிட் ஜூலையில் 30.17 காசாகிவிட்டது. இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை என்று எனக்குத் தெரியும். சின்ன நாடு, தோண்டி எடுக்க நம்மிடம் எதுவும் இல்லை. அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை.

எரிபொருள் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் அதோடு சேர்ந்து வரும் அறிவுரையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன மாதம் வீடு வீடாக ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். நான்கு மொழியிலும் அழகாக அச்சடித்திருந்தார்கள். ஏர்கானை 25 டிகிரியில் வையுங்கள், முடிந்தால் மின்விசிறி போடுங்கள், குளியல் நேரத்தைக் குறையுங்கள், தேவையில்லாதபோது சுவரில் இருக்கும் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். கொண்டுவந்த பிள்ளைகள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை, வெயிலில் ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கிய தொண்டூழியர்கள், இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்பினேன். ஆனால் அந்தத் தாளை எழுதியவர்கள் எந்த வீட்டை மனதில் வைத்து எழுதினார்கள்?

எங்கள் வீட்டில் ஏர்கான் துணி போட்டு மூடிக் கிடக்கிறது. வாட்டர் ஹீட்டர் மாமனாருக்கு மட்டும்தான். சோறு வெந்ததும் குக்கரின் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன், சூடாக வேண்டும் என்பவர்கள் அந்நேரமே சாப்பிட்டுவிட வேண்டும். கடலை, பயறு எல்லாம் முதல் நாள் இரவே ஊறப்போட்டுவிடுவேன், ஒரே சமையலில் இரண்டு வேளையை ஓட்டுகிறோம், துணி மூங்கில் கழியில் காய்கிறது, மகள் பரீட்சைக்கு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். வீட்டுக்காரர் பொருள் விநியோக வேன் ஓட்டுகிறார், டீசல் அவர் கைக்காசு, அதனால் எங்களுக்கு அடி இரண்டு பக்கமும். இதற்கு மேல் எதைக் குறைப்பது என்று அந்தத் தாளை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நாங்கள் ஏற்கெனவே செய்யாதது அதில் ஒன்றுகூட இல்லை.

என் மாமனாருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்தவர், அந்தக் காலத்தில் சிகரெட்டும் இருந்தது. ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் வேண்டும், அதற்குக் குறைந்தால் பலனில்லை என்று மருத்துவர்கள் சொல்வார்கள். இவருக்கு அது போதவில்லை, குளிக்கும் நேரம் தவிர மூக்கில் குழாய் இருந்துகொண்டே இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலமாரி உயரத்துக்கு அந்த மெஷின் நிற்கிறது. அது காற்றை இழுத்து, நைட்ரஜனைப் பிரித்து, ஆக்சிஜனை மட்டும் குழாயில் விடுகிறது. இராத்திரி முழுக்க அந்த இரைச்சலில்தான் தூங்குகிறோம், சத்தம் நின்றால் விழிப்பு வந்துவிடும்.

இந்த மாதிரி மெஷின் 350 வாட் வரை இழுக்கும். நாள் முழுவதும் ஓடினால் 8 யூனிட்டுக்கு மேல், மாதத்துக்கு 250 யூனிட் பக்கம் வரும். யூனிட் 30 காசு என்று வைத்தாலும் 75 வெள்ளி. ஒரு மூவறை வீட்டில் விளக்கு, விசிறி, குளிர்பெட்டி, சலவை இயந்திரம் எல்லாம் சேர்ந்து சராசரியாக ஒரு மாதத்தில் எடுக்கும் மின்சாரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். அப்படியென்றால் எங்கள் மூவறை வீட்டுக்குள் இன்னொரு வீடு குடியிருக்கிறது, அதற்கும் நாங்கள்தான் பில் கட்டுகிறோம், அந்த வீட்டில் எதையும் அணைக்க முடியாது.

அணைக்க முடியாது என்று எழுதிவிட்டேன். ஆனால் மாமா அணைத்தார்.

அந்தத் துண்டுப்பிரசுரத்தின் தமிழ்ப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி விடாமல் படித்திருக்கிறார். நான் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து கதவைத் திறக்கிறேன், வீட்டில் சத்தமே இல்லை. ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. உள்ளே ஓடினால், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, தோள்பட்டை ஏறி இறங்க மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறார். உதடு நீலம் பாரித்திருக்கிறது. குழாயைச் சுருட்டி மெஷின் மேல் ஒழுங்காக வைத்திருந்தார், சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது. போட்டுவிட்டு, இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று பார்க்கும் கருவியை விரலில் மாட்டினால் 81 காட்டுகிறது, 88-க்குக் கீழே போக விடாதீர்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கொஞ்சம் மூச்சு திரும்பியதும் அவர் சொன்னது இதுதான்: "நீ இல்லாத நேரம் கொஞ்சம் நிறுத்தி வச்சேம்மா. பியூபி கரண்டு பில்லு ஏறுதுன்னு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு."

அவரைத் திட்டவும் முடியவில்லை. வாழ்நாள் முழுக்க யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்று நினைத்த மனிதர், பில்லைக் குறைக்கத் தன்னிடம் மிச்சம் இருந்த ஒன்றைக் குறைக்கப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து பில் பற்றி வீட்டில் பேசுவதே இல்லை, கணவரும் நானும் மின்தூக்கிக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறோம். சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டேன்.

இப்போது உங்கள் சலுகைகளுக்கு வருகிறேன். கொடுக்கவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், நன்றியில்லாமல் பேசக்கூடாது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் யு-சேவ் வந்து பில்லில் கழிகிறது, அதே மாதங்களில்தான் புதிய கட்டணமும் வருகிறது. ஆனால் அந்தத் தள்ளுபடி வீட்டில் எத்தனை அறை என்று பார்க்கிறது. உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. பக்கத்து மூவறை வீட்டில் பகல் முழுவதும் ஆள் இல்லை, எங்கள் மூவறை வீட்டில் ஒரு மெஷின் நிற்காமல் ஓடுகிறது, இரண்டு வீட்டுக்கும் ஒரே கணக்கு. வீடுகளுக்கு நீங்கள் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டை உணவங்காடியிலும் பேரங்காடியிலும் கொடுக்கலாம், மின்கட்டணம் கட்ட முடியாது. மின்சாரம் குறைவாக எடுக்கும் குளிர்பெட்டி, விளக்கு, விசிறி வாங்கப் பருவநிலைப் பற்றுச்சீட்டு இருக்கிறது, நல்ல திட்டம்தான், மாமாவின் மெஷினுக்கு அது எந்த வகையிலும் உதவாது.

வீட்டில் பராமரிப்பவர்களுக்கான மாதாந்தர மானியத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, நடப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, இந்த ஆறில் மூன்றுக்காவது பிறர் உதவி வேண்டும். மாமா தானே சாப்பிடுகிறார், தானே உடுத்துகிறார், ஒவ்வொரு பொத்தானுக்கும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் என்றாலும் தானே போட்டுக்கொள்கிறார். மூச்சு விடுவது அந்தப் பட்டியலில் இல்லை. படிவத்தை வைத்துக்கொண்டு எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத வேண்டாம்.

இது செய்ய முடியாத காரியம் இல்லை. இங்கிலாந்தில் வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு அது இழுக்கும் மின்சாரத்தின் செலவைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸில் உயிர்காக்கும் கருவிகளுக்கென்றே மின்கட்டணத் தள்ளுபடி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் மருத்துவர் சான்று கொடுத்தால் குறைந்த விலையில் கூடுதல் யூனிட் கிடைக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் ஊரிலேயே 2020 வரவுசெலவுத் திட்டத்தில் ஐந்து பேரும் அதற்கு மேலும் இருக்கும் வீடுகளுக்கு யு-சேவ் கூடுதலாகக் கொடுத்தீர்கள். அப்போது அறைகளைத் தாண்டி உள்ளே இருப்பவர்களையும் எண்ணிப் பார்க்க முடிந்தது அல்லவா? அதே கண்ணோடு இன்னொரு முறை பாருங்கள்.

ஏமாற்றுவார்கள் என்ற கவலை உங்களுக்கு வரலாம். ஆக்சிஜன் மெஷினை யாரும் ஆசைப்பட்டு வாங்கி வீட்டில் வைப்பதில்லை ஐயா. மருத்துவமனையில் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்த்துத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தக் கடிதம் போதும். வேண்டுமானால் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லுங்கள், செய்கிறோம். ஆனால் பிள்ளைகளின் உதவியோடு இணையத்தில் சிங்பாஸ் அடையாளக் கணக்கு வழியாகப் பதினைந்து பக்கம் நிரப்பும் படிவமாக மட்டும் அதை ஆக்கிவிடாதீர்கள், தனியாக இருக்கும் முதியவர்களிடமும் இந்த மெஷின் இருக்கிறது. இது ஆக்சிஜனோடு முடிவதும் இல்லை. வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்கள் இராத்திரி முழுக்க மெஷினில் இருக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை, அதற்கு ஒரு பம்பு. சுவாசக் கருவியோடு வாழும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மருத்துவமனைப் படுக்கையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று எங்களிடம் சொல்கிறார்கள். நாங்களும் சரி என்றுதான் அழைத்துக்கொண்டு வருகிறோம், பெற்றவர்களை வேறு எங்கே வைப்போம். அப்போது அந்தப் படுக்கைக்கு எரிந்த மின்சாரமும் எங்கள் மீட்டருக்கு வந்துவிடுகிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். பேரங்காடிகளில் கதவை விரியத் திறந்துவைத்து நடைபாதை வரைக்கும் குளிர்காற்றை விடுகிறார்கள். நகரத்தில் ஆளில்லாத மாடிகளில் நள்ளிரவிலும் விளக்கு எரிகிறது. சிக்கனத்தை யாரிடம் முதலில் கேட்பது என்று நீங்களே சொல்லுங்கள். விலை ஏறும்போது காய்கறிக்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர், பள்ளிப் பேருந்துக்காரர் எல்லாரும் எரிபொருள் விலையைக் காட்டி நாலு காசு ஏற்றிக்கொள்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. நாங்கள் யாரிடம் போய் ஏற்றுவது? வரிசையில் கடைசியில் நிற்பவர்கள் வீட்டுக்குள்ளேயே எதையாவது வெட்டத்தான் வேண்டியிருக்கிறது, வெட்டிக்கொண்டே வந்து இப்போது மாமாவின் சுவிட்ச் வரைக்கும் வந்துவிட்டோம்.

கோபத்தில் அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதனால் மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன்: மருத்துவர் சான்றோடு உயிர்காக்கும் கருவி ஓடும் வீடுகளுக்கு, அந்தக் கருவி இழுக்கும் யூனிட்டைக் கணக்கிட்டு, யு-சேவோடு தனித் தொகை சேர்த்துக் கொடுங்கள். முழுவதும் வேண்டாம், பாதியாவது கொடுங்கள். அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள், செலவே இல்லாதது. அடுத்த துண்டுப்பிரசுரம் அச்சடிக்கும்போது, மருத்துவக் கருவிகளை எக்காரணத்துக்காகவும் அணைக்கக்கூடாது என்று நான்கு மொழியிலும் பெரிய எழுத்தில் ஒரு வரி சேருங்கள். தமிழில் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள், மாமாவுக்குக் கண்புரை இருக்கிறது.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூனில் வசிக்கும் ஒரு மருமகள்