காலடி விளக்கும் கண் கூசும் விளக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்களில் கூடுதலாகப் பொருத்தப்படும் எல்இடி விளக்குகள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியல்ல. கதவைத் திறந்ததும் காலடியில் எரியும் சிறு விளக்கு, மழை இரவில் இறங்கும் முதியவருக்குத் தேங்கிய நீரையும் குழியையும் காட்டிக்கொடுக்கிறது. எழுபதைக் கடந்த என் தாயாருக்காகவே நான் அதைப் பொருத்தினேன்.

பொருத்திய விதத்தில்தான் வினை வந்தது. கடைக்காரர் ஃபியூஸ் எதுவும் வைக்காமல் பேட்டரியிலிருந்து நேராக வயரை இழுத்து, இணைப்புகளில் வெறும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டிருந்தார். சித்திரை வெயிலில் அதன் பசை இளகி, டேப் கழன்று, கதவுக் கீலில் உரசிய இடத்தில் செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. கருகிய வாடை வந்ததால் தப்பித்தோம். பேட்டரிக்கு அருகிலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருந்திருந்தால், அது உருகி மின்சாரத்தைத் துண்டித்திருக்கும். (அதன் விலை ஒரு தேநீருக்கு மேல் போகாது.)

வெளிப்புற விளக்குகளின் கதை வேறு. வாகனத்தின் முன்பக்கம் சிவப்பு ஒளி தெரியக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108ஆம் விதி கூறியிருந்தும், சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னும் கார்களை ஆம்புலன்ஸ் என்றெண்ணி நாம் ஒதுங்கி வழிவிடுகிறோம். தலைக்கவசத்தைச் சோதிக்கும் காவலர்கள் இவற்றையும் நிறுத்திக் கழற்றச் சொல்ல வேண்டும். காலடி விளக்கை விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை.