பாஸ்வேர்டு கேட்பது தொல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் கணினிப் பகுதியில், லினக்ஸ் பற்றி, ‘சூடோ சும்மா சும்மா பாஸ்வேர்டு கேட்டுத் தொல்லை செய்கிறதா? சூடோயர்ஸ் ஃபைலில் நோபாஸ்வேர்டு என்று சேர்த்துவிடுங்கள், நிம்மதி’ என்று எழுதியிருந்தீர்கள். யாருக்கு நிம்மதி என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

லினக்ஸில் எதையும் செய்யவிடும் ரூட் அதிகாரத்தை, இன்னாருக்கு இந்தக் கட்டளை மட்டும் என்று அளந்து கொடுக்கத்தான் சூடோ. யாருக்கு எது என்று எழுதிவைக்கும் பட்டியல்தான் சூடோயர்ஸ். தங்களுக்குத் தெரியாததல்ல. மதுரையில் நான் சர்வர் பார்த்த ஒரு நிறுவனத்தில், மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் விஐபி பாஸ் கொடுத்த மாதிரி, எல்லாருக்கும் முழு அதிகாரம், பாஸ்வேர்டு கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் ‘பர்மிஷன் டினைடு’ வருகிறதென்று சிஸ்டம் முழுவதற்கும் 777 போட்டுவிட்டார்; அதாவது, யாரும் எந்த ஃபைலையும் படிக்கலாம், மாற்றலாம், இயக்கலாம். சூடோவை ரூட்டாக ஓடவைக்கும் செட்யுஐடி பிட் என்ற குறி போனது. அப்புறம் சூடோவே ஓடவில்லை. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சும், தன் சாவி ஃபைல்கள் திறந்து கிடந்ததால் கிளம்ப மறுத்தது. யூஎஸ்பியிலிருந்தே கணினியைக் கிளப்பும் லைவ் யூஎஸ்பி போட்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். செய்தது யார் என்று நுழைந்தவர்களைப் பதிந்துவைக்கும் ஆத் லாகைப் பார்த்தால், ‘அட்மின்’ என்ற ஒரே பெயரில்தான் ஆபீசே நுழைந்திருக்கிறது. திட்டு மட்டும் எனக்கு.

உங்கள் பக்கத்துக்கு இந்த அலட்சியம் புதிதல்ல. 2021 ஜனவரியில் சூடோவில் ‘பாரன் சேமெடிட்’ என்ற பாதுகாப்பு ஓட்டை இருப்பதை குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. 2011 முதல் இருந்த ஓட்டை. சூடோயர்ஸில் பெயரே இல்லாதவரும் ரூட் ஆகிவிடலாம். உடனே அப்டேட் செய்யச் சொல்லி எழுதினேன், போடவில்லை. அந்த வாரம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை அலங்கரிப்பது எப்படி என்று முழுப் பக்கம் வந்தது. சரி, அதற்கும் வாசகர்கள் உண்டு. கணினிப் பகுதி அரைப் பக்கமாகச் சுருங்கி மீதியில் நகைக்கடை விளம்பரம் வந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. வடபழஞ்சியிலும் இலந்தைக்குளத்திலும் எல்காட் ஐடி பார்க் இருக்கிறது. விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சேற்றக் கூடாதா?

ஃபைல் திருத்தும் விம் எடிட்டரைத் திறக்க மட்டும் சூடோ கொடுத்தாலே, அதற்குள்ளிருந்து ரூட் ஷெல்லுக்குப் போய் எந்தக் கட்டளையும் போட்டுவிடலாம். எடிட்டரை ரூட்டாக ஓடவிடாமல் ஃபைலை மட்டும் திருத்தத்தான் சூடோஎடிட். அதையெல்லாம் விளக்கச் சொல்லவில்லை. அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் போதும்: பாஸ்வேர்டு கேட்டால் கேட்கட்டும், சூடோயர்ஸை அதற்கென்றே உள்ள விசூடோ கட்டளையில் மட்டும் திறக்கவும், பிழை இருந்தால் சேமிக்கும் முன்பே அது சொல்லிவிடும். நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருநகர், மதுரை