'எனக்கு மறந்துபோயிற்று' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பு மகளுக்கு,

சனிக்கிழமை இரவு நீ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு எந்த வேலையிலும் மனம் செல்லவில்லை. வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டிய அறிக்கையை அனுப்பாமல் விட்டுவிட்டாய். மேலாளர் காரணம் கேட்டபோது நீ சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. உன் கண் கலங்கியதைக் கண்டதும் அவர் "கெட் எ கிரிப்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உயர்தரம் வரை ஆங்கிலத்தில் நல்ல பெறுபேறு எடுத்த எனக்கே இப்படியா என்று கேட்டு அழுதாய். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். அன்றிரவு உன்னை ஆறுதல்படுத்தத்தான் நேரம் இருந்தது. சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

"இட் காட் ஃபர்காட்டன்" என்று நீ அவரிடம் சொன்னாய். அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது ஆங்கிலச் சொற்களை உடுத்திக்கொண்ட தமிழ் வாக்கியம். நாங்கள் 'எனக்கு மறந்துபோயிற்று' என்கிறோம்; எனக்கு ஞாபகம் வந்தது, எனக்குக் கோபம் வந்தது, எனக்கு அழுகை வந்தது என்று மனத்தில் நடப்பவற்றை எல்லாம் வெளியிலிருந்து எங்களிடம் வந்து சேர்பவை போலப் பேசுகிறோம். மேல்மாடியில் இருக்கும் சிங்கள அன்ரியும் "மட்ட அமத்தக்க வுணா" என்றுதான் சொல்வார். 'எனக்கு மறதியாயிற்று' என்பதே அதற்கும் பொருள். இந்த ஊரில் வளர்ந்த உனக்கு இரு பக்கத்து மொழிகளும் அதையே பழக்கியிருக்கின்றன. ஆங்கிலத்தில் மறதிக்கும் ஓர் எழுவாய் வேண்டும்: "ஐ ஃபர்காட்." அந்த 'ஐ' நிற்க வேண்டிய இடத்தில் 'இட்' வந்து நின்றால், பேசுகிறவர் தன்னை ஒளித்துக்கொள்கிறார் என்றே ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுடைய காதில் விழும். நீ பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற பிள்ளை இல்லை என்பது எனக்குத் தெரியும். சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகாத இடத்தில் அந்த மேலாளருக்கு அது எப்படித் தெரியும்?

'இட்' என்று தொடங்கும் மரபுத்தொடர் ஒன்று அவர்களிடமும் இருக்கிறது: "இட் ஸ்லிப்ட் மை மைண்ட்." மனத்திலிருந்து வழுக்கி விழுந்துவிட்டது என்பது அதன் படம். பால் வாங்கிவர மறந்ததற்கும், ஒருவரைக் கூப்பிட்டுப் பேச மறந்ததற்கும் அது போதும், நாகரிகமாகவும் இருக்கும். ஆனால் பலர் காத்திருந்த ஓர் அறிக்கைக்கு அதைச் சொன்னால், அந்த அறிக்கையை நீ சின்ன விஷயமாக எண்ணியிருக்கிறாய் என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அப்படியான இடத்தில் "ஐ ஃபர்காட் டு செண்ட் இட், ஐ ஆம் சாரி" என்று சொல்லி, எத்தனை மணிக்குள் அனுப்புவாய் என்பதையும் சேர்த்துச் சொல்லு. எங்கள் காதுக்கு அது வெட்டென்று ஒலிக்கும். அவர்களுக்கு அதுதான் மரியாதை.

'ஃபர்கெட்' என்ற இந்தச் சொல்லில் இன்னொரு வழுக்கலும் உண்டு. ஒரு மழை நாள் 100ஆம் இலக்க பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு, நனைந்த சேலையோடு வகுப்புக்குள் நுழைந்து, "ஐ ஃபர்காட் மை அம்ப்ரெல்லா இன் த பஸ்" என்று சொன்னேன். முன் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மெதுவாக எழுந்து, "லெஃப்ட் என்று வரவேண்டும் அல்லவா, டீச்சர்?" என்று கேட்டது. இடத்தையும் சேர்த்துச் சொல்லும்போது 'லீவ்' என்பதே முறை என்று அதற்கு முந்திய வாரம் நான்தான் படிப்பித்திருந்தேன். அந்தப் பிள்ளையின் முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. 'ரிமெம்பர்' என்ற சொல்லும் அப்படித்தான்: "ஐ ரிமெம்பர்ட் டு லாக் த டோர்" என்றால் பூட்ட வேண்டும் என்ற நினைவு வந்து பூட்டினேன், "ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்" என்றால் பூட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நாங்கள் நினைவூட்டு என்று சொல்லும் இடத்தில் 'ரிமைண்ட்' வரும். "ரிமெம்பர் மீ டுமாரோ" என்று நீ ஒருவரிடம் சொன்னால், விடைபெற்றுப் போகிறாயோ என்று அவர் நினைக்கக்கூடும்.

ஒரு பெயரைக் கேட்டதும் எங்கேயோ கேள்விப்பட்டது போல இருந்தால் "இட் ரிங்ஸ் எ பெல்" என்பார்கள். உள்ளே எங்கோ ஒரு மணி அடிக்கிறது, ஆனால் கதவு இன்னும் திறக்கவில்லை. சொல் நுனிநாக்கில் நிற்பது மட்டும் இரு மொழிகளிலும் ஒன்றே. நாங்கள் பாடமாக்குவதை அவர்கள் "பை ஹார்ட்" என்பார்கள், பிரெஞ்சிலும் அப்படித்தான். 'ரெகார்ட்' என்ற சொல்லுக்குள்ளும் இதயத்தைக் குறிக்கும் 'கோர்' என்ற லத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது. ஞாபகம் நிற்காத மனத்தை அவர்கள் அரிதட்டுக்கு ஒப்பிடுவார்கள். இது உனக்குப் புதிது இல்லை: பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் கடை மாணாக்கரை ஓட்டை விழுந்த இல்லிக்குடம் என்றும் நெய் வடிக்கும் நெய்யரி என்றும் சொல்லி வைத்திருக்கிறார். எனக்கு அவருடைய நெய்யரிதான் பிடிக்கும். ஆங்கிலத்து அரிதட்டு வெறுமனே ஒழுகும். நெய்யரியோ நல்ல நெய்யைப் போகவிட்டு, கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடந்த நான்கு மாதத்தில் அங்கே உன்னைப் பாராட்டியவர்கள் இருக்கிறார்கள், நீயே சொல்லியிருக்கிறாய். அதையெல்லாம் போகவிட்டு, "கெட் எ கிரிப்" என்ற மூன்று சொற்களை மட்டும் பிடித்து வைத்திருக்காதே.

அந்தத் தொடருக்கு வருகிறேன். 'கிரிப்' என்பது பிடி. நழுவிப்போகிற உன்னை நீயே பிடித்துக்கொள் என்பதுதான் அதன் கருத்து. சிநேகிதி தோளில் கை வைத்துச் சொன்னால் 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்' என்று ஆகும். மேலதிகாரி நின்றபடி சொன்னால் அது அடி. ஆகவே உனக்கு வலித்தது நியாயம், நீ தவறாக விளங்கிக்கொள்ளவில்லை. அதே கருத்தை "புல் யுவர்செல்ஃப் டுகெதர்" என்றும் சொல்வார்கள், சிதறிக் கிடப்பதைக் கூட்டிச் சேர்ப்பது போல. உணர்ச்சியை ஆள வேண்டிய ஒரு பொருளாகவே அந்த மொழி பார்க்கிறது: போத்தலில் அடைத்தால் "பாட்டில் அப்", நீராவி இயந்திரத்தின் வால்வைத் திறப்பது போல வெளியே விட்டால் "லெட் ஆஃப் ஸ்டீம்." 'டெம்பர்' என்பதைக் கோபம் என்று மட்டும் எண்ணாதே. அளவாகக் கலத்தல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. "லூஸ் யுவர் டெம்பர்" என்றால் அந்த அளவு குலைவது; 'நிதானம் இழந்தேன்' என்று நாங்கள் சொல்வதற்கு அது அப்படியே பொருந்தும்.

ஒரே ஒரு தொடரில் மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அம்மம்மாவின் இறப்புச் சடங்கான அந்தியேட்டிக்கு வர லீவு கிடைக்காமல் நீ தவித்த நாளில், கூட வேலை செய்யும் பெண் "யூ வில் கெட் ஓவர் இட்" என்று சொன்னதாகச் சொன்னாயே, அதுதான். அவள் அன்பாகத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் அந்தத் தொடரில் துக்கம் ஒரு வேலி. ஏறிக் கடந்து அப்பால் போய்விட வேண்டும். எங்களுக்கு மனம் ஆறும். புண்ணும் ஆறும், தேத்தண்ணியும் ஆறும், எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அம்மம்மா பின்னேரத்தில் உனக்காக இரண்டு கோப்பைகளை எடுத்து, ஒன்றை உயர்த்திப் பிடித்து மற்றதில் ஊற்றி, திரும்பவும் மாற்றி ஊற்றி, நுரை கோப்பை விளிம்பு வரை எழும்பும் வரை ஆற்றுவாரே, அப்போது எவ்வளவு அவசரப்பட்டாலும் உன் கையில் கோப்பை வராது. இப்போதும் அப்படித்தான், மகள். மூன்று மாதத்தில் ஆறவில்லை என்று நீ வெட்கப்பட வேண்டாம். அந்தப் பெண்ணிடம் திரும்ப ஏதாவது சொல்ல விரும்பினால் "ஐ ஆம் ஸ்டில் மிஸ்ஸிங் ஹெர்" என்று சொல்லு. சிறுவயதில் நீ 'அம்மம்மாவைத் தேடுது' என்று சொல்லி அழுவாயே, அதற்கு ஆங்கிலத்தில் நான் அறிந்த மிக அருகான சொல் அதுதான்.

திங்கட்கிழமை காலையில் மேலாளரிடம் போய், அந்த 'ஐ' என்ற எழுத்தை முன்னால் வைத்துப் பேசு. என்ன சொன்னாய், அவர் என்ன சொன்னார் என்பதை அடுத்த சனிக்கிழமை எடுக்கும்போது எனக்கு ஆங்கிலத்திலேயே சொல்லு, பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா