குருகும் உண்டு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் கண். வலக்கண்ணில் புரை எடுத்தார்கள். கொஞ்ச நாள் படிக்கவும் எழுதவும் தடை. இப்போது எழுத்துகள் எல்லாம் கழுவி வைத்ததுபோலத் தெரிகின்றன. கூடவே என் கையெழுத்து எவ்வளவு மோசம் என்பதும்.

கதையும் கவிதையும் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு அடிப்படைக் கலைச்சொற்களைப் பட்டியல் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தாய். பட்டியல் அனுப்பப்போவதில்லை, கோபிக்காதே. ஐம்பது சொல்லுக்கும் இலக்கணம் ஒப்பித்துவிட்டு, ஒரு கவிதையைக் கையில் கொடுத்ததும் திருதிருவென்று விழிப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கண்ணை மூடிப் படுத்திருந்தபோது மனப்பாடமாக இருந்த பாட்டுகளைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்ப வந்தது குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. ஐந்தே அடி:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அவன் என்னைக் கூடிய அன்று அங்கே அந்தக் கள்வனைத் தவிர வேறு யாரும் இல்லை. அவனே அதை மறுத்துவிட்டால் நான் என்ன செய்வேன்? ஓடும் நீரில் ஆரல்மீனைப் பார்த்தபடி, தினையின் தாள் போன்ற சிறிய பசுங்காலோடு, குருகு என்ற நீர்ப்பறவை ஒன்று மட்டும் நின்றது. அவ்வளவுதான் செய்தி. உன் வகுப்புக்கு ஒரு மாதத்துக்கு இது போதும்.

முதலில் கேட்கவேண்டியது, 'யார் சொல்கிறார்கள்?' இதில் நானே சறுக்கியவன். பல வருடம் 'இப்பாட்டில் கபிலர் என்ன சொல்கிறார் என்றால்' என்றுதான் தொடங்குவேன். ஒருநாள் பின்வரிசைப் பெண் ஒருத்தி, 'அப்படியென்றால் கபிலர் பெண்ணா சார்?' என்றாள். வகுப்பே சிரித்தது. கேள்வி சரியானது. பேசுபவள் தலைவி, எழுதியவர் கபிலர். அகப்பாட்டின் அடியில் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று குறித்து வைத்த மரபு நம்முடையது. ஆனால் இன்று ஒரு சிறுகதை 'நான்' என்று தொடங்கினால் போதும், இது ஆசிரியருக்கு நடந்ததா என்று கேட்டுவிடுகிறோம். கூற்று என்ற பழஞ்சொல்லைக் கதைக்கும் கொண்டுவந்துவிடு. கதைசொல்லி என்றால் என்ன என்று தனியாக விளக்கவேண்டியிருக்காது. அந்த 'நான்' பொய் சொல்லலாம், பாதி மறைக்கலாம், தன்னையே ஏமாற்றிக்கொள்ளலாம். அப்படிப்பட்டவனுக்கு 'நம்பத்தகாத கதைசொல்லி' என்று விமர்சகர் வெய்ன் பூத் 1961இல் பெயர் வைத்தார். நம் தலைவியையே பார்: 'யாரும் இல்லை' என்று ஆரம்பித்தவள் 'குருகும் உண்டு' என்று முடிக்கிறாள். பொய் சொல்கிறாளா? இல்லை, பதற்றத்தில் எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கிறாள். அந்த 'உம்' ஒன்றிலேயே அவள் குரல் தழுதழுப்பது கேட்கிறது.

கதைக்கும் கதைப்பின்னலுக்கும் வித்தியாசம் சொல்ல எல்லோரும் ஆங்கில நாவலாசிரியர் ஃபார்ஸ்டரின் அரசனையும் அரசியையும் கூப்பிடுவார்கள். பாவம், 1927இலிருந்து இருவரும் வகுப்பு வகுப்பாகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்றால் கதை. அந்தத் துயரத்தால் இறந்தாள் என்றால் பின்னல். நம் குறுந்தொகைப் பாட்டில் வேறொன்றும் கிடைக்கிறது. நடந்த வரிசையில் கூடியதுதான் முதல், பயம் பிறகு. அவள் சொல்வது தலைகீழாக: பயத்தில் தொடங்கி, கடைசிச் சொல்லில்தான் 'அந்த நாள்' வருகிறது.

எதுகை, மோனையை ஓசைக் கணக்காக மட்டும் நடத்திவிடாதே. இரண்டாம் அடியை வாய்விட்டுச் சொல்லிப் பார். தானது, யானெவன், பொய்ப்பின், செய்கோ. ஒரே அடிக்குள் இரண்டு எதுகை. தான் ஒரு பக்கம், யான் ஒரு பக்கம். அவன் பொய்க்கலாம், இவள் என்ன செய்ய? வழக்கே அந்த ஓசைக்குள் இருக்கிறது. நாலாம் அடி மூன்று சீரில் குறைந்து 'பார்க்கும்' என்று நிற்பதும் எனக்குப் பிடிக்கும். (நேரிசை ஆசிரியப்பா என்ற பாவகையில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, அப்படித்தான் வரும், கபிலர் புதிதாகச் செய்ததில்லை. ஆனாலும் அந்த இடத்தில் குருகை நிறுத்தியது அவர்தானே.)

இனி உன் மாணவர்கள் சண்டை போடப்போகும் இடம். 'தினைத்தாள் அன்ன' கால் என்பது உவமை; 'அன்ன' என்ற உருபே காட்டிக்கொடுத்துவிடும். மெல்லிய பசுங்கால், ஓடுகிற நீர், அசையாத பறவை எல்லாம் சேர்ந்து கண்முன் நிற்கிறதே, அது படிமம். கள்வன் என்றது உருவகமா வெறும் வசவா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். குறியீடு என்ற சொல்லை மட்டும் கடைசிவரை பூட்டி வை. கதையில் மழை பெய்தால் கண்ணீர், விளக்கு அணைந்தால் மரணம் என்று எழுதிவிடுகிறார்கள். குருகு முதலில் குருகாக நிற்கவேண்டும். நின்ற பிறகு பார்: இருந்த ஒரே சாட்சி, அதன் கண்ணோ மீன்மேல். பார்த்திருந்தாலும் அதற்குப் பேச வராது. இரைக்காகக் காத்து நிற்கும் அதுவே அந்தத் தலைவனுக்கும் பொருந்துகிறதே என்று ஒருவன் எழுந்து சொல்வான். அவனிடம் உள்ளுறை பற்றி, இயற்கைக் காட்சிக்குள் வேறொரு பொருளை மறைத்து வைக்கும் முறை பற்றிப் பேசு. தொல்காப்பியத்தின் சொல் அப்போது அவனுக்குத் தேவைப்படும்.

எனக்கே இன்னும் தீரவில்லை. சில நாள் அது குறியீடாகத் தோன்றுகிறது, சில நாள் வெறும் பறவைதான். உன் வகுப்பு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று எழுது. அடுத்த மாதம் இடக்கண். அதற்குமுன் கடிதம் வந்தால் நானே படித்துவிடுவேன்.

உன் பழைய தோழன்