கைப்பிடி அதிர்வை அளந்து சொல்லுங்கள்: பைக் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பைக் நிறுவனங்களின் வடிவமைப்புப் பிரிவிலும் சர்வீஸ் பிரிவிலும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் என் 150 சிசி பைக்கை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். புகார் ஒன்றே ஒன்றுதான், ஹேண்டில்பார் அதிர்வு. இதற்கு முன்னும் பலமுறை எழுதிக் கொடுத்ததுதான். மாலையில் எடுக்கப் போனபோது ஜாப் கார்டில் ‘வைப்ரேஷன் - நார்மல்’ என்று எழுதியிருந்தார்கள். எதை வைத்து நார்மல் என்கிறீர்கள் என்று கேட்டேன். “சார், இந்த மாடலே அப்படித்தான். ஓட்ட ஓட்டப் பழகிரும்” என்றார் அட்வைசர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அளந்து பார்க்க அவரிடம் கருவியும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க நீங்கள் கொடுத்த அளவும் இல்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

என் வேலை வீடு வீடாகப் போய் ரத்த மாதிரி எடுப்பது. திருநெல்வேலியில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக விடியற்காலையில் கிளம்புவேன். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய மாதிரிகள் என்பதால் எல்லா வீட்டுக்கும் காலையிலேயே போய்ச் சேர வேண்டும். தென்காசி ரோட்டில் ஆலங்குளம் வரைக்கும்கூடப் போக வேண்டியிருக்கும். சாலை மோசமாக இருக்கும் இடத்தில் கை குலுங்குவது வேறு, அதை நான் உங்களிடம் கொண்டுவரவில்லை. சாலை நன்றாக இருக்கிற இடத்தில்தான் எனக்குத் தொல்லை அதிகம். அங்கேதான் வண்டி 60-ஐத் தாண்டும். தாண்டியதும் கிரிப்பில் ஒரு ரீங்காரம் தொடங்கி உள்ளங்கை வழியாக முழங்கை வரை ஏறும்.

வயதானவர்களுக்கு நரம்பு கண்ணுக்குத் தெரியாது. ஆள்காட்டி விரல் நுனியால் தடவி, லேசாக அழுத்தி, எழும்பி வருகிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வேலையே அந்த விரல் நுனியில்தான் இருக்கிறது. பைக்கை விட்டு இறங்கியதும் அந்த நுனி மரத்துப் போயிருக்கும். சட்டைத் துணியைத் தொட்டாலும் கையுறையைத் தொட்டாலும் ஒரே மாதிரி இருக்கும். அந்த நிலையில் யார் கையிலும் நான் ஊசி வைக்க மாட்டேன். உட்கார்ந்து விரல்களைப் பிசைந்து, உணர்வு வரும்வரை காத்திருப்பேன். எதிரே சர்க்கரை நோய் உள்ள ஒரு ஆச்சி, முந்தின இரவு சாப்பிட்டதோடு சரி, கையை நீட்டியபடி இருப்பார். “ஏ தம்பி, எப்பதான் எடுப்ப? காப்பி குடிக்கணும்லா” என்பார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? இந்த மாடலே அப்படித்தான் என்றா?

மருத்துவரிடம் காட்டினேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கல் உடைக்கிற மெஷின் ஓட்டுகிறீர்களா என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 1918-இல் அமெரிக்காவின் இண்டியானாவில், காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கும் தொழிலாளிகளின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். பிற்பாடு ஜப்பானில் மோட்டார்சைக்கிளில் சுற்றும் போக்குவரத்துப் போலீசாரின் கைகளையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கைக்கு வரும் அதிர்வை எப்படி அளப்பது என்பதற்கு ஐஎஸ்ஓ 5349 என்ற சர்வதேசத் தரமே இருக்கிறது. அந்த அளவை 8 மணி நேர வேலைக்குக் கணக்கிட்டு, 2.5 மீட்டர்/வினாடி² (அதிர்வின் முடுக்கத்தை அளக்கும் அலகு) வந்தாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் விதி போட்டது. ஆக, அளக்கத் தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது.

என் கோரிக்கை இதுதான். நீங்கள் விற்கும் ஒவ்வொரு மாடலுக்கும், 40, 60, 80 கிலோமீட்டர் வேகங்களில் கைப்பிடியில் எவ்வளவு அதிர்வு வருகிறது என்று அந்தத் தரத்தின்படி அளந்து, விவரத் தாளில் அச்சிடுங்கள்.

சீட் உயரத்தை மில்லிமீட்டரில் போடுகிறீர்கள். எடை, டார்க், பெட்ரோல் டேங்க் கொள்ளளவு எல்லாம் போடுகிறீர்கள். நாள் முழுக்க எங்கள் கையில் இறங்குகிற ஒன்றை மட்டும் போடுவதில்லை. வாங்குகிறவர் தானே கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஷோரூம் டெஸ்ட் ரைடு ஊருக்குள் ஒரு சுற்று, சிக்னல் தாண்டினால் திரும்பி வந்துவிட வேண்டும். புது வண்டி என்பதால் முதல் சர்வீஸ் வரை வேகமாகவும் ஓட்ட மாட்டோம். அதிர்வு தெரிய வரும்போது தவணை கட்ட ஆரம்பித்திருப்போம்.

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒற்றை சிலிண்டரில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிற விசையை, அதைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்கில் வைக்கும் எதிர் எடை முழுதாகச் சமன் செய்யாது. ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை, இரட்டிப்பானால் அந்த விசை நான்கு மடங்கு. 6,000 ஆர்பிஎம் என்றால் வினாடிக்கு 100 தடவை அது கையில் வந்து இடிக்கிறது. கிராங்குக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுற்றும் பேலன்சர் ஷாஃப்ட் (எதிர் எடை வைத்த தண்டு) ஒன்று வைத்தால் இதில் பெரும்பகுதி அடங்கும். அதற்குச் செலவும் எடையும் கூடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாளெல்லாம் வண்டியில் இருக்கிறவர்கள் வாங்குவது விலை குறைந்த மாடல்களைத்தான்.

என்னால் ஆனதைச் செய்து பார்த்துவிட்டேன். எஞ்சின் மவுண்டிங் போல்ட் டைட் வைத்து, புஷ் மாற்றி, ஹேண்டில்பார் திரும்புகிற இடத்து பேரிங்கான கோன் செட், செயின், டயர் காற்று எல்லாம் பார்த்தாயிற்று. கைக்காசு போட்டு ஹேண்டில்பார் முனைகளில் கனமான பார் எண்ட் வெயிட் மாட்டினேன். 60-இல் இருந்த ரீங்காரம் குறைந்தது, 70-க்குப் பக்கத்தில் வேறொன்று கிளம்பியது. முனையில் எடை கூடினால் ஹேண்டில்பார் அதிகமாக ஆடுகிற வேகம் இடம் மாறுமே தவிர, எஞ்சினில் கிளம்புகிற விசை குறையாது. தடிமனான ஃபோம் கிரிப் போட்டதில் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியதாகி மணிக்கட்டு வலிதான் மிச்சம்.

மோட்டார்சைக்கிளில் நேரடியாக மாட்டினால் எஞ்சின் அதிர்வில் போன் கேமரா கெட்டுப்போகலாம் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களை எச்சரித்தது. அதே ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கையைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதியதில்லை. ஆண்டுக்கு ஒரு தடவை ஸ்டிக்கரும் நிறமும் மாற்றுகிறீர்கள். மீட்டரில் புளூடூத் வைக்கிறீர்கள். மலைப்பாதையில் ஜாக்கெட் போட்டு ஒருவர் பறக்கிற விளம்பரம் எடுக்கிறீர்கள். பால், சோறு, தபால், கேஸ், மருந்து என்று இந்த ஊரைச் சுமந்து ஓடுகிறவர்கள் உங்கள் கண்ணில் படவே இல்லையா? ஒரு பைக் வாங்க எங்களுக்கு எத்தனை மாதச் சம்பளம் போகிறது என்பதாவது தெரியுமா?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது அதே ஒன்றுதான்: அளந்து சொல்லுங்கள். எண் அச்சில் வந்துவிட்டால் எதை வாங்குவது என்று நாங்கள் பார்த்துக்கொள்வோம். அப்புறம் பேலன்சர் வைப்பதா, கைப்பிடியை ரப்பரில் பொருத்துவதா என்பது உங்கள் பொறியாளர்கள் பாடு. கூடவே, சர்வீஸ் மையங்களுக்கு அளக்கும் கருவி ஒன்றைக் கொடுங்கள். மாடலுக்கு உரிய அளவைத் தாண்டிய வண்டியை ஜாப் கார்டில் ‘நார்மல்’ என்று எழுதித் திருப்பி அனுப்பக் கூடாது என்று உத்தரவும் போடுங்கள்.

உங்கள் பொறியாளர் யாராவது திருநெல்வேலிப் பக்கம் வந்தால் என் வண்டியையே தருகிறேன், அளந்து பார்க்கட்டும். காலை பத்து மணிக்கு மேல் வந்தால் நல்லது. அதற்கு முன்னால் நோயாளிகள் சாப்பிடாமல் காத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
வீடு வீடாக ரத்த மாதிரி எடுக்கும் ஊழியர்,
திருநெல்வேலி