கூரை போடவும் கற்றுக்கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நம் மாவட்டத் தன்னார்வலர்களுக்குப் பேரிடர் பயிற்சி நடந்த செய்தியைப் படத்தோடு போட்டிருந்தீர்கள். கயிறு கட்டி ஆளை இறக்குவது, தண்ணீரில் தத்தளிப்பவரைக் கரையேற்றுவது, முதலுதவி என்று நிறைய சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் கரையேற்றிய ஆளை அன்றைக்கு ராத்திரி எங்கே படுக்க வைப்பது, அடுத்த மூன்று மாதம் அந்தக் குடும்பம் எங்கே இருக்கும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

நான் தங்கச்சிமடத்தில் பந்தல், சாமியானா வாடகைக்கு விடுகிறவன். 2024 நவம்பரில் ராமேசுவரம் தீவில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்ததே, அப்போது ஒரு பள்ளிக்கூட முகாமுக்குத் தார்ப்பாய் கட்டப் போனேன். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். இருபதுக்கு இருபது அடி வகுப்பறையில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பொறுப்பில் நின்ற பிள்ளைகள் தூங்காமல் ஓடினார்கள், சோற்றுப் பொட்டலத்துக்கும் குறைவில்லை. ஆனால் பிள்ளை பெற்றுப் பத்து நாளான பெண் ஒருத்தி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து பால் கொடுக்க, அவள் மாமியார் சேலை முந்தானையை விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கக் கை மாற்றி நின்றார். ஒரு கயிறும் இரண்டு பெட்ஷீட்டும் இருந்தால் போதும். யாரும் சொல்லித் தராததால் அந்தப் பிள்ளைகளுக்கு அது தோன்றவே இல்லை.

இத்தனைக்கும் கணக்கெல்லாம் எழுதியே இருக்கிறது. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் குறைந்தபட்ச நிவாரண அளவுகளை வகுத்திருக்கிறது: முகாமில் ஓர் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம், 30 பேருக்கு ஒரு கழிப்பறை, பெண்களுக்குத் தனியாக. 3.5 சதுர மீட்டர் என்றால் 38 சதுர அடி, அதாவது ஆறடிக்கு நாலடிப் பாய் ஒன்றரை விரிக்கிற இடம். அப்படிப் பார்த்தால் அந்த வகுப்பறைக்கு 10 பேர்தான். சாக்பீஸால் தரையில் கோடு போட்டு ஒருதரம் காட்டினால் எந்தத் தன்னார்வலருக்கும் ஜென்மத்துக்கும் மறக்காது.

அப்புறம் தார்ப்பாய். அதன் ஓரத்தில் இருக்கும் வளையத்தில் கயிற்றைக் கோத்து இழுத்துக் கட்டியிருந்தார்கள், நம் கடற்காற்றுக்கு அது ராத்திரியே கிழிந்துவிட்டது. மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்துச் சுருட்டி, அதன் கழுத்தில் கயிற்றை முடிந்தால் கிழியாது. நடுவில் தண்ணீர் தேங்காதபடி சரிவும் வேண்டும். ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் டவுனில் வரும் சிக்கல் கயிற்றோடு முடிகிறதில்லை. குப்பத்தில் குடிசை போனால் அதே இடத்தில் நாலு சவுக்குக் கம்பு நட்டு ஒதுங்கலாம். ராமேசுவரத்திலோ கீழக்கரைச் சந்துகளிலோ கம்பு நட இடம் எங்கே இருக்கிறது? மாடியில் ஒண்டுக்குடித்தனமாக இருப்பவர் பெயரில் பட்டாவும் இல்லை, வரி ரசீதும் இல்லை. வீடு இடிந்தால் நிவாரணக் கணக்கு வீட்டுக்காரர் பெயரில் போகும், குடியிருந்தவர் அட்வான்ஸையும் இழந்து தெருவில் நிற்பார். 2010-இல் ஹைட்டி நாட்டின் தலைநகரம் நிலநடுக்கத்தில் இடிந்தபோது 15 லட்சம் பேர் கூடாரங்களுக்கு வந்தார்கள், அதில் வாடகைக்கு இருந்தவர்கள் ஏராளம். கடைசியில் அவர்களைக் கூடாரத்திலிருந்து வெளியே கொண்டுவர உதவியவற்றில் முக்கியமானது ஒரு வருஷ வாடகைக்குக் கொடுத்த பணம்தான். உறவுக்காரர் வீட்டில் ஒட்டிக்கொண்டிருப்பவர்களையும் கணக்கெடுப்பது, வாடகைக்கு விடக்கூடிய வீடு உறுதியாக இருக்கிறதா என்று கொத்தனாரை வைத்துப் பார்ப்பது, வீட்டுக்காரரோடு ஒப்பந்தம் எழுதுவது, இதெல்லாம் நிவாரண வேலைதான், நகரத்தில் இறங்குகிறவர் கட்டாயம் படித்திருக்க வேண்டிய பாடம்.

1964 டிசம்பரில் போன தனுஷ்கோடியும் ரயில் நிலையமும் தபால் ஆபீசும் தேவாலயமும் இருந்த டவுன்தான். தப்பித்து வந்தவர்கள் யார் யார் வீட்டுத் திண்ணையில் எத்தனை மாதம் கிடந்தார்கள் என்று எங்கள் அப்பத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சுனாமிக்குப் பிறகு நம் மாநிலக் கடற்கரையில் தார் ஷீட்டில் கட்டிய தற்காலிகக் கொட்டகைகளில் பகலில் உட்கார முடியாது, அவ்வளவு வெக்கை. தற்காலிகம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம் வருவதற்கு இன்னொரு காரணம் மண்டபம் ஊரில் இருக்கும் அகதிகள் முகாம். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் அங்கேயே பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள்.

அதனால் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இந்தப் பயிற்சியில் இரண்டு நாளைச் சேர்க்கச் சொல்லி உங்கள் பத்திரிகை எழுத வேண்டும். தன்னார்வலர்களோடு பந்தல்காரர், கொத்தனார், எலக்ட்ரீஷியன், மகளிர் குழுப் பெண்கள் எல்லாரையும் உட்கார வையுங்கள். ஊரில் இருக்கும் கல்யாண மண்டபம், பள்ளி, ஜமாத் ஹால், சர்ச் ஹால் ஒவ்வொன்றையும் இப்போதே டேப் வைத்து அளந்து, இத்தனை பேர்தான் கொள்ளும் என்று வாசலில் எழுதிவிடலாம். தேதி முடிவானால் சொல்லுங்கள், கயிறும் தார்ப்பாயும் எடுத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் ஆறு பேரோடு நானே வருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
பந்தல்காரர் ஒருவர்,
தங்கச்சிமடம்.