செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25: பள்ளத்தூர் ஹெரால்டு மீண்டு வந்த கதை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, காரைக்குடியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு நம் பழைய கார் சங்கத்தின் மாதக் கூட்டங்களில் பதினொன்று நடந்தன. ஐப்பசி மழையில் ஒன்று நின்றது. புதிதாக நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களில் இருவர் கல்லூரி மாணவர்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வழக்கமான செய்திகளை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். நம் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலானவற்றை எடுத்துக்கொண்ட ஒரு வேலையைப் பற்றித்தான் இந்த அறிக்கையில் விரிவாகச் சொல்ல வேண்டும். அது பள்ளத்தூர் உறுப்பினர் வீட்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. அந்தப் பின்வாசலை ஒட்டிய கொட்டகையில், நெல் குதிருக்கும் பழைய அண்டாக்களுக்கும் நடுவே, நான்கு டயரும் மண்ணில் அமுங்கிய நிலையில் அது நின்றது. 1965ஆம் ஆண்டு வண்டி, இரண்டு கதவு. உறுப்பினரின் ஐயா வாங்கியது. இருக்கைகளை எலி தின்றிருந்தது; ஒயர்களையும் விடவில்லை. ஓடு உடைந்த இடத்துக்கு நேர் கீழே மட்டும் தரைத்தகடு சல்லடையாகியிருந்தது. கடலோர ஊராக இருந்திருந்தால் மொத்தமும் போயிருக்கும். நம் வறண்ட மண் அதை ஓரளவு காப்பாற்றி வைத்திருந்தது.

புதியவர்களுக்காக ஒரு செய்தி. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1948இல் சென்னையில் தொடங்கப்பட்ட நிறுவனம். இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் இங்கே தயாரித்தார்கள். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலொட்டி. 948 சிசி எஞ்சின். பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். எஞ்சின் முழுவதும் கண் முன்னால் நிற்கும், முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சேஸிஸ் என்னும் அடிச்சட்டம் தனி, பாடி தனி. பாடியும் பல துண்டுகளாகப் போல்ட் போட்டு இணைக்கப்பட்டது. வீட்டுக் கொட்டகையில் பிரித்துச் சேர்க்க இதைவிட இணக்கமான கார் நம் நாட்டில் ஓடியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் பிரிப்பது எளிது என்பதே இந்த வண்டியின் ஆபத்தும். இரண்டு ஞாயிறுகளில் பானெட்டும் கதவுகளும் கழன்றன. ஆறாவது ஞாயிற்றில் சேஸிஸ் மட்டும் செங்கல் அடுக்கின் மேல் நின்றது. பிரிக்கும் நாட்களில் உற்சாகம் தானாக வரும், வேலை கண்ணுக்குத் தெரியும். அதன் பிறகுதான் சோதனை. நம் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ கார்கள் பிரித்த நிலையிலேயே முடிந்துபோயிருக்கின்றன. வீட்டைப் பிரித்துத் தூணையும் நிலையையும் விற்பது போல, விளக்கு ஓரிடத்துக்கும் ஸ்டியரிங் ஓரிடத்துக்கும் போய்விடுகின்றன. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தனியாகத் தொங்கும் ஒரு ஹாரனைப் பார்க்கும்போதெல்லாம் அது எந்த வீட்டுக் கொட்டகையிலிருந்து வந்ததோ என்று எனக்கு மனம் கனக்கும்.

ஹெரால்டின் சேஸிஸில் இரு பக்கமும் பாடியைத் தாங்க நீளும் கைகள் உண்டு. அந்தக் காரில் துரு முதலில் பிடிக்கும் இடம் அதுதான். இங்கும் இடப்பக்கக் கைகள் ஸ்குரூடிரைவர் பட்டதும் உதிர்ந்தன. டிங்கர் வேலை தெரிந்த கோட்டையூர் உறுப்பினர் அட்டையில் அளவு வெட்டி, தகட்டில் மடித்து, புதிதாகச் செய்து வெல்டிங் வைத்துக் கொடுத்தார். கூலி கேட்கவில்லை. மூன்று ஞாயிறுகள் அவர் தம் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தார் என்பதை இந்த அவை அறிய வேண்டும்.

சிறிய பாகங்களின் துருவை மின்பகுப்பு முறையில் எடுத்தோம். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவை சோடா. பாட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனை துருப்பிடித்த பாகத்துக்கு, பாசிட்டிவ் முனை ஓர் இரும்புத் துண்டுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஓர் இரவு கழித்து எடுத்தால் துரு கறுத்த சேறாகிப் பிரஷ்ஷுக்கு வந்துவிடுகிறது. நல்ல இரும்பு தேய்வதில்லை. இரண்டு எச்சரிக்கைகள். ஹைட்ரஜன் வாயு வெளிவரும், ஆகவே திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. பாசிட்டிவ் முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கட்டவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சாகத் தண்ணீரில் கலக்கும். மாணவர்கள் இருவரும் இந்த வேலையைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். துருவையும் உலோக அரிப்பையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். அந்த ஊர்ப் பிள்ளைகள் வீட்டு முற்றத்தில் மின்சாரத்தால் துருவெடுத்ததைப் பார்த்து நான் உண்மையாகவே பெருமைப்பட்டேன்.

ரேடியேட்டரின் பித்தளைத் தொட்டியைத் துலக்க நாங்கள் என்னென்னவோ யோசித்துக்கொண்டிருந்தபோது, வீட்டு ஆச்சி ஒரு கைப்பிடி பழம்புளியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதன் பிறகு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு தவற்றையும் பதிவு செய்ய வேண்டும், அது என்னுடையது. முன்சக்கரத்தைத் தாங்கும் நெடுந்தண்டின் அடிமுனை, டிரனியன் என்னும் வெண்கலக் கட்டைக்குள் மரை போட்டுத் திரும்புகிறது. நிப்பிள் இருப்பதைப் பார்த்து கிரீஸ் அடிக்கச் சொன்னவன் நான். கண்டனூர் அண்ணன் வந்து பார்த்துத் தடுத்தார். அங்கே 90 நம்பர் கியர் ஆயில்தான் போட வேண்டும்; கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காமல் காய்ந்துவிடும், தண்ணீர் புகுந்து தண்டு உள்ளேயே அரிக்கும், ஒரு நாள் திருப்பத்தில் ஒடிந்து சக்கரம் மடங்கும். கழற்றிப் பார்த்தபோது வலப்பக்கத் தண்டின் மரை பாதி தின்னப்பட்டிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ கிரீஸ் அடித்திருக்கிறார்கள். தண்டை மாற்றினோம். ஹெரால்டு, அதன் வழிவந்த கேஸல் கார்கள் வைத்திருப்பவர்கள் வீடு திரும்பியதும் முதல் வேலையாக இதைப் பாருங்கள்.

ஆவணியில் வேலை நின்றது. விளக்கு வளையங்களையும் கதவுக் கைப்பிடிகளையும் முலாம் பூச வெளியூர்ப் பட்டறை ஒன்றில் கொடுத்திருந்தோம். மாதங்கள் கடந்தும் வரவில்லை. வந்தபோது ஒரு வளையம் வேறு ஏதோ காருடையது. அதே வாரம் கொட்டகை ஓடு மறுபடி ஒழுகி, பிரைமர் அடித்து வைத்த கதவில் துரு பூத்தது. அன்று மாலை பள்ளத்தூர் உறுப்பினர் என்னை அழைத்து, எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நாங்கள் நான்கு பேர் இரவு ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். யாரும் அறிவுரை சொல்லவில்லை. கோட்டையூர் உறுப்பினர் அந்தக் கதவை இறக்கித் துருவைத் தேய்த்தார். ஒருவர் ஏணி வைத்து ஓடுகளை மாற்றினார். கண்டனூர் அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து, தம் இளவயதில் ஹெரால்டில் திருமயம் கோட்டைக்குப் போய் வந்த பயணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு ஆச்சி இடியாப்பமும் கோசமல்லியும் வைத்தார்கள். புறப்படும்போது உறுப்பினர், அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று மட்டும் கேட்டார். நம் சங்கம் எதற்காக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் இனி அந்த இரவைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். கொட்டகைக்கு வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு பாகத்தைத் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்று, சரி செய்து, திருப்பிக் கொண்டுவர வேண்டும். சுவரில் தொங்கும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வைப்பர் மோட்டார் புதுவயலுக்குப் போனது, டைனமோ காரைக்குடிக்கு வந்தது. பிஸ்டனுக்கு அலைந்துகொண்டிருந்தபோது தேவகோட்டை உறுப்பினர், ஸ்டாண்டர்ட் பென்னன்ட் காருக்காகத் தம் தகப்பனார் வாங்கி வைத்திருந்த 20 ஓவர்சைஸ் (தேய்ந்த சிலிண்டருக்கான சற்றுப் பெரிய) பிஸ்டன் செட்டைப் பெட்டி பிரிக்காமல் கொடுத்தார். அதுவும் அதே 948 சிசி எஞ்சின்தான், போர் என்னும் சிலிண்டர் விட்டம் 63 மில்லிமீட்டர். எஞ்சினின் ஹெட்டில், வால்வுகள் வந்து அமரும் இடத்தில், கடினமான சீட்டுகள் போட்டோம். 2000ஆம் ஆண்டிலிருந்து நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல்தான். அதில் ஓடினால் பழைய சீட்டு நாளடைவில் உள்ளிறங்கும்.

தை மாதத்தில் ஒரு காலை, மூன்றாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. பத்து நிமிடத்தில் பெட்ரோல் குழாய் கசிந்ததால் நிறுத்தினோம். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து விரிசல் விடச் செய்கிறது. குழாய்களையும் பம்ப்பின் டயாஃப்ரமையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிய பிறகே வண்டி நகர்ந்தது. இந்தச் செலவில் யாரும் சிக்கனம் பார்க்க வேண்டாம். இது தீப்பிடிக்கும் விஷயம்.

50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 2021 விதிகளின்படி ‘வி.ஏ.’ எழுத்துகளுடன் தனிப் பதிவு உண்டு. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுகள் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே. பள்ளத்தூர் உறுப்பினர் பழைய பதிவையே புதுப்பித்துக்கொண்டார். வாரம் ஒரு முறையாவது ஓட்டாத கார் மறுபடி கொட்டகைக்கே போய்விடும் என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

பங்குனியில் பிள்ளையார்பட்டிக்கு வண்டி போனது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முன் இருக்கையில் உறுப்பினரின் தாயார். அந்தக் காரில் அவர்கள் கடைசியாக உட்கார்ந்தது மகன் பள்ளிக்கூடம் போன காலத்தில். கதவைச் சாத்தும் ஓசையைக் கேட்டதும், இதே சத்தம்தான் என்றார்கள்.

வரும் ஆண்டுக்கான வேலை: தேவகோட்டை உறுப்பினர் வீட்டு மாரிஸ் மைனர் கார். எஞ்சின் இறுகியிருக்கிறது. பிளக்குகளைக் கழற்றி நான்கு சிலிண்டரிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி வைத்திருக்கிறோம். யாரும் அவசரப்பட்டு ஸ்டார்ட்டர் போட்டுத் திருப்ப வேண்டாம். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு அங்கே கூடுகிறோம். நோட்டு ஒன்று வாங்கியாகிவிட்டது. பெரிய ஜாக்கி வைத்திருப்பவர்கள் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்